அளந்தவன் யார், தட்டுக் கழுவியவன் யார்? அயலூர்ச் சோற்றை எழுதியவர்களை முன்வைத்து

போன வருஷம் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் புலம்பெயர் எழுத்தில் உணவு என்று ஒரு கருத்தரங்கம். கேட்கப் போயிருந்தேன். காலையிலிருந்து கட்டுரை வாசித்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்ப உருட்டினார்கள்: ஏக்கம். ரசத்துக்கு ஏக்கம், தயிர்ச்சோற்றுக்கு ஏக்கம், அம்மா கைப்பக்குவத்துக்கு ஏக்கம். லண்டனில் கறிவேப்பிலை கிடைக்கவில்லை, டொரன்டோவில் முருங்கைக்காய் கிடைத்தது ஆனால் முற்றல். உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு சந்தேகம். ஊரில் இருக்கும்போதே ரசமும் தயிரும் வாய்க்காதவன் அயல்நாடு போனால் எதுக்கு ஏங்குவான்? பலசரக்குக் கடையில் அவன் என்ன வாங்குவான்? ஹோட்டலுக்குள் நுழைகிறபோது அவன் கண்ணில் முதலில் படுவது விலைப்பட்டியலா, உட்காருகிற பெஞ்சா? எழுந்து கேட்டேன். நல்ல கேள்வி, தனியா ஆய்வு செய்யலாம் என்றார் தலைமை தாங்கியவர். அதோடு டீ இடைவேளை விட்டுவிட்டார்கள்.

ஆய்வு என்று பெரிய பேர் வேண்டாம். அன்றைக்கு டீயைக் குடித்துக்கொண்டே யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுருளிப்பட்டிக்காரனுக்கு அயல்நாடு கம்பம்மெட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது. விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஜீப் வந்து நிற்கும். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேர். மடியில் தூக்குச்சட்டி. மலையேறினால் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். 1956இல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போனதைப் பற்றி நம் தமிழறிஞர்கள் பக்கம் பக்கமாகக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டைத் தினம் தாண்டிப் போய்ப் பழம் எடுத்துவிட்டு, பொழுது சாய ஊர் திரும்புகிற சேரிப் பொம்பளைகள் அங்கே எந்தக் கடையில் என்ன வாங்கித் தின்றார்கள் என்று எழுதினவர் ஒருத்தரையும் நான் படித்ததில்லை. நிலம் போன துக்கம் இலக்கியமாகிறது. அந்த நிலத்தில் குனிந்து நின்றவளின் பசி ஆகவில்லை.

என் பெரியம்மா முப்பது வருஷம் மலைக்குப் போனவள். சின்னப்பிள்ளையில் அவளிடம், மலையில என்ன பெரியம்மா இருக்கு என்று கேட்டால் ஏலக்காயைச் சொல்ல மாட்டாள், மேகத்தைச் சொல்ல மாட்டாள். கடையைத்தான் சொல்வாள்.

"அங்கன எல்லாருக்கும் ஒரே கிளாசுதான்டா. நம்ம பாட்டுக்குப் பெஞ்சுல உக்காந்து குடிச்சிட்டு வச்சிட்டு வந்துரலாம். கழுவி வைக்கிறது அவன். நம்ம இல்ல."

இதன் அர்த்தம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் பிடிபட்டது. எங்கள் வட்டாரத்தில் அவள் பார்த்த டீக்கடை ஒன்றில் சேரி ஆட்களுக்குத் தனிக் கிளாஸ், அதுவும் கூரையில் சொருகியிருக்கும். எடுத்துக் குடித்துவிட்டு நாமே கழுவிச் சொருக வேண்டும். காசு மட்டும் தனிக்காசு இல்லை, எல்லாரும் கொடுக்கிற அதே காசு. அப்படிப்பட்டவளுக்குக் குமுளிப் பக்கத்துக் கடையில் அவள் குடித்த கிளாஸை இன்னொருத்தன் எடுத்துப்போய்க் கழுவியதுதான் அயல்நாட்டு அதிசயம். டீ எப்படி இருந்தது என்று கேட்டால், என்னமோ இருந்துச்சு என்பாள். கருத்தரங்கத்து ஏக்கக் கணக்கில் இவளை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அதற்காக மலையாளத்தைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கிளாஸ் ஒண்ணு, பேரு மட்டும் வேற. பாண்டி என்பார்கள். தமிழன் என்பதற்கு அங்கே அதுதான் வசவு. முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றிய 2011 டிசம்பரில் தோட்டத்திலிருந்து எங்கள் ஜனங்கள் சட்டி பானையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மலையிறங்கி வந்ததையும் பார்த்தவன் நான். சாதியாகத் தள்ளாத இடத்தில் இனமாகத் தள்ளினார்கள். ஆனாலும் அங்கே மாட்டுக்கறி போர்டில் எழுதித் தொங்குகிறது. எங்கள் ஊரில் அது சாக்கில் மறைந்து வரும், தேக்கிலையில் கூறு போட்டுச் சந்துக்குள் விற்கும். ஒரே மாடு, மலைக்கு இந்தப் பக்கம் கேவலம், அந்தப் பக்கம் பொறோட்டாவுக்கு வெஞ்சனம்.

இந்தக் கண்ணோடு இரண்டு பெரிய பிரதிகளை அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார்த்தேன். ஒன்று காந்தியின் சத்திய சோதனை. இன்னொன்று அம்பேத்கர் எழுதிவைத்து, அவர் மறைந்து பல வருஷம் கழித்து 1990இல் சிறு நூலாக வெளிவந்த விசாவுக்காகக் காத்திருத்தல்.

1888இல் லண்டன் போன காந்தி, மாமிசம் தொடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போனவர். அரைவயிறு கால்வயிறாகக் கிடந்து, தெருத்தெருவாக அலைந்து, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடிக்கிறார். அங்கேயே சைவம் பற்றிய சால்ட்டின் புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்குகிறார். வயிறு நிறையச் சாப்பிடுகிறார். இந்த இடத்தை எழுதும்போது அவருக்கு வருகிற சந்தோஷம் நிஜமான சந்தோஷம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாருங்கள், இது வேண்டாம் என்று சொல்ல முடிந்தவனுடைய பசி. தட்டு முன்னால் வருகிறது, அவர் தள்ளிவைக்கிறார். கடல் தாண்டியதற்காகப் பம்பாயில் அவருடைய சாதிக்காரர்கள் அவரைத் தள்ளிவைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் லண்டனில் எந்தப் பண்டத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்கிற விசாரணை மட்டும் நிற்கவில்லை, வாழ்நாள் பூராவும் நடந்தது. தமிழில் வந்த எத்தனையோ பயண நூல்கள் இந்த ஒரு அத்தியாயத்தையே திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருக்கின்றன, சத்தியத்தை மட்டும் விட்டுவிட்டு. விமானத்தில் முட்டையா என்று அலறுவது, நாலாம் நாள் ஒரு மாமி வீட்டில் வத்தக்குழம்பு கிடைத்ததும் கண்ணீர் மல்குவது.

அம்பேத்கர் 1913இல் நியூயார்க் போனார், அப்புறம் லண்டன். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் லண்டன் நாட்களின் சாப்பாடு வருகிறது. காலையில் விடுதிக்கார அம்மா கொடுக்கிற கொஞ்சம் ரொட்டி, ராத்திரிப் பசிக்கு அப்பளம். மிச்சம் பிடித்த காசெல்லாம் புத்தகத்துக்கு. இங்கே தள்ளிவைக்க ஒன்றுமே இல்லை, தள்ளிப்போட முடிந்தது பசியை மட்டும்தான். ஆனால் எனக்கு முக்கியம் அந்த அப்பளம்கூட இல்லை, அவர் திரும்பி வந்த பிறகு நடந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த வருஷங்களில், தான் தீண்டப்படாதவன் என்கிற நினைப்பே தன் மனசிலிருந்து அழிந்து போயிருந்தது என்று எழுதுகிறார். அப்படிப்பட்டவர் பரோடாவில் வேலைக்கு வந்து இறங்குகிறார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பேர் சொல்லித் தங்குகிறார். பதினோராம் நாள் தடிக் கம்போடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. அயல்நாட்டில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு உள்நாட்டில் சாப்பிட இடமில்லை. விசா கேட்டு நிற்க வேண்டியிருப்பது தாய்நாட்டு வாசலில்தான் என்று தலைப்பு வைத்தாரே, அதைவிடக் கூர்மையாக வெளியே சாப்பிடுவது பற்றி யாரும் எழுதிவிடவில்லை. புலம்பெயர் இலக்கியப் பாடத்திட்டம் போடுகிறவர்கள் இதை ஏன் அதில் சேர்ப்பதில்லை?

படித்துவிட்டுப் போனவர்கள் கதை இது. கப்பலில் அடைத்து ஏற்றப்பட்டவர்கள் கதை வேறு. அங்கே கேள்வியும் மாறுகிறது: யார் அளந்து போட்டது?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கூலிக்கு அரிசியைத் தோட்டமே கொடுத்தது, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கங்காணி வாங்கிக் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, துணி எல்லாம் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் புதுத் தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான சீட்டுக்குத் துண்டு என்று பேர். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழிக்க வேண்டியிருந்தது. அந்த உலகத்தில் கடைக்குப் போவது என்றால் சாமான் வாங்குவதில்லை, கடன் வாங்குவது. புதுமைப்பித்தன் 1935இல் துன்பக் கேணி எழுதினார். மருதி என்கிற சேரிப்பெண் அந்தத் தோட்டத்துக்குப் போவதை எழுதிய முன்னோடி அவர், மரியாதை கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கதையின் கண் அவள் உடம்பின் மேலேயே நிற்கிறது. அவள் உலையில் என்ன போட்டாள், அரிசியை எவன் அளந்தான் என்கிற பக்கம் அது திரும்பியிருந்தால் இன்னும் எவ்வளவோ தெரிந்திருக்கும்.

வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் எரியும் பனிக்காடு என்று 2007இல் தமிழுக்கு வந்தது. இதில் கண் திரும்பியிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்பணத்துக்கு மயங்கி மலையேறுகிற கருப்பனும் வள்ளியும் வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது கையில் நிற்பது கடன். தின்ற சோறு கூலியைத் தின்றுவிடுகிறது. 2013இல் இதைத் தழுவிப் பரதேசி என்று படம் வந்தது. படத்தில் அழுகை அதிகம், கணக்கு குறைவு. நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். தோட்டத்தின் கொடுமை சவுக்கில் இருப்பதைவிட நோட்டில் அதிகம் இருந்தது.

எங்கள் பெரியம்மாவும் நோட்டைப் பார்த்தவள்தான். 1980களின் நடுவில் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் மூன்று மழைக்காலம் தங்கியிருந்தாள். கீழே ஒரு கடை. அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு எல்லாம் பற்று. வாரச் சம்பளத்தில் கழிப்பார்கள். அவளுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொரு படி அரிசி வாங்கி வரும்போதும் அடுப்புக்கரியை எடுத்து லயத்துச் சுவரில் ஒரு கோடு கிழித்துவிடுவாள். ஒரு தடவை கோடும் நோட்டும் ஒத்துவரவில்லை. கடைக்காரன் சிரித்துக்கொண்டே, நோட்டுல இருக்கிறதுதான் கணக்கு, சுவத்துல இருக்கிறது கரி என்றானாம்.

நானும் பிழைக்கப் போனவன்தான். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு அக்கா கல்யாணக் கடனுக்காக 2016இல் சிங்கப்பூர் போனேன், கட்டட வேலை, இரண்டு வருஷம். முதல் வாரமே பேரங்காடிக்குள் போனேன். வெளிச்சமான கண்ணாடிப் பெட்டி, குளிர்காற்று, வெள்ளைத் தட்டுகளில் மெல்லிய தாள் போர்த்திய மாட்டுக்கறி. எடை, விலை, தேதி எல்லாம் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சீனக் கிழவி கோழியை எடுப்பது மாதிரி அதையும் எடுத்துப் புரட்டிப் பார்த்துக் கூடையில் போட்டாள். நான் வாங்கவில்லை, அன்றைக்கு அந்த விலைக்குக் கையில் காசில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் அய்யா சாக்கில் சுற்றிச் சந்து வழியாகக் கொண்டுவந்த பொருள், இங்கே விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். (அதை அறுத்த ஆளை மட்டும் இங்கேயும் யாரும் பார்க்கவில்லை. அந்தத் தாளுக்குப் பின்னால் அவன் மறைந்துவிட்டான். சந்தை தீட்டைத் துடைக்கிறது, கூடவே ஆளையும் துடைத்துவிடுகிறது.)

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோடு, டெக்கா மார்க்கெட். வாழைக்காய், கத்தரிக்காய், நெத்திலிக் கருவாடு எல்லாம் கிடைக்கும். கருத்தரங்கத்து ஏக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. எங்களுக்குக் குறை பொருளில் இல்லை, நேரத்தில் இருந்தது. கேட்டரிங் சாப்பாடு விடியுமுன் கட்டிக்கொண்டு வந்து போடுவார்கள், மத்தியானம் வெயிலில் பிரிக்கும்போது குழம்பு புளித்திருக்கும். அதனால் விடுதியில் அறைக்கு அறை சமையல் செட்டு. எட்டுப் பேர் காசு போட்டுச் சாமான் வாங்கி முறை வைத்துச் சமைப்பது. என்னையும் ஒரு செட்டில் சேர்த்தார்கள். எல்லாம் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள். மூன்று வாரம் என் முறைக்கு நான் சமைத்தேன், நல்லாயிருக்கு என்று தின்றார்கள். நாலாவது வாரம் கம்பத்துப் பக்கத்துக்காரர் ஒருத்தர் கேட்டார்:

"தம்பி சுருளிப்பட்டில எந்தத் தெரு?"

சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, "செட்டுல ஆளு கூடிப்போச்சு தம்பி, அடுப்பு பத்தல, நீங்க கேட்டரிங்கே சொல்லிக்கிருங்க" என்றார்கள். அடுப்பு பத்தாமல் போனது எனக்கு மட்டும்தான். பெரியம்மாவுக்குக் கம்பம்மெட்டில் கழன்று விழுந்தது, எனக்கு மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி, குக்கர் மூடி வழியாகப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ராத்திரி பக்கத்து அறை வங்கதேசத்து ஆட்கள் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். மாட்டுக்கறிக் குழம்பு, கடுகெண்ணெய் வாசம். அவர்களுக்கு என் தெருவும் தெரியாது, எனக்கு அவர்கள் பாஷையும் தெரியாது. பொய் சொல்லக்கூடாது, கடுகெண்ணெய் எனக்குப் பிடிக்கவே இல்லை. அடுத்த நாளும் போனேன்.

இப்படித் தனியாக உட்கார்ந்திருந்த நாட்களில்தான் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியை மறுபடி படித்தேன். மெடானிலும் பினாங்கிலும் அலைகிற பாண்டியன், மதுரைத் தெருக்களையும் ஊர்ச் சந்தையையும் கடை கடையாக நினைத்துப் பார்க்கிற இடங்கள் தமிழில் அபூர்வமானவை. 1972இல் புத்தகமாக வந்து, கவனிப்பார் இல்லாமல் வெகுகாலம் கிடந்த நாவல் அது. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஆனால் படிக்கும்போது ஒன்று உறுத்தியது. சந்தையை அப்படிக் கடை கடையாக நினைக்க வேண்டுமானால், அப்படிக் கடை கடையாக நடந்திருக்க வேண்டும். வட்டிக்கடைப் பையனால் அது முடியும். எங்கள் வீட்டில் சந்தை என்றால் பொழுது சாய்ந்த பிறகு கழித்துப் போட்ட தக்காளியும் அழுகல் நீக்கிய கத்தரிக்காயும்தான். நினைவுக்கும் நடைபாதை வேண்டும் தோழர்களே. அதைப் பேசாமல் நாவலை வெறும் நனவிடைத் தோய்தல் என்று கொண்டாடுகிற விமர்சகர்கள் பாதி நாவலைத்தான் படித்திருக்கிறார்கள்.

ஈழத்தவர் எழுத்தில் நமக்கு வேறு வழி திறக்கிறது. கே. டேனியலின் பஞ்சமர் 1972இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1960களின் பிற்பகுதியில் கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் நுழைவதற்காக நடந்த போராட்டங்களின் சூடு ஆறுமுன் எழுதப்பட்டது. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து கிளம்பிய ஊர்வலத்தைச் சும்மா தேநீருக்காகவா என்று கேலி செய்தவர்கள் இருக்கலாம். ஆமாம், தேநீருக்காகத்தான். கடையில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடிப்பதற்கு அடியும் வெட்டும் வாங்க வேண்டியிருந்தது. 1957இல் இங்கே திருவல்லிக்கேணியில் ஹோட்டல் போர்டில் பிராமணாள் என்கிற எழுத்தை அழிக்கச் சொல்லிப் பெரியார் தொண்டர்கள் நாள் விடாமல் கைதானதும் இதே வரிசைதான். அந்த யாழ்ப்பாணத்திலிருந்து ஏதிலியாகப் போனவர்கள் பாரீஸில் ஹோட்டல்களின் பின்கட்டில் நின்றார்கள். ஷோபாசக்தி தட்டுக் கழுவியவர், பேரங்காடியில் சாமான் அடுக்கியவர். அவர் எழுத்தில் எனக்குப் பிடித்தது, சாப்பாட்டு மேசையை முன்னாலிருந்து பார்க்காமல் கழுவுதொட்டிப் பக்கத்திலிருந்து பார்க்கிற ஆளின் நக்கல். முன்னாலிருந்து பார்ப்பவனுக்கு அது ஃபிரெஞ்சுச் சமையல், பின்னாலிருந்து பார்ப்பவனுக்கு எச்சில் தட்டு. லா சப்பலில் யாழ்ப்பாணத்துக் கடைகள் வரிசையாக வந்த பிறகு அங்கேயும் எந்த ஊர், எந்தக் குறிச்சி என்கிற விசாரணை வராமலா இருக்கும்? சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டி வந்தது. சமையல் செட்டு அமெரிக்காவிலும் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. 1990களில் தலித் இலக்கியம் என்று நாம் கிளம்பியபோது சேரியின் சோற்றை எழுதினோம். உப்புக்கண்டத்தை, ரத்தப் பொரியலை, எச்சில் சோற்றின் அவமானத்தை எழுதினோம். அந்தக் கலகம் வேண்டியிருந்தது. ஆனால் ஊர் எல்லையோடு நின்றுகொண்டோம். நம் ஆட்கள் துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் போய் முப்பது நாற்பது வருஷம் ஆகிறது. அவர்கள் வீட்டுக்குப் போட்ட கடிதங்களில் எவ்வளவுக்கு அரிசி வாங்கினேன், எந்த மெஸ்ஸில் கணக்கு, யாரோடு சேர்ந்து சமைக்கிறேன் என்றெல்லாம் இருந்தது. அதை நாம் இலக்கியமாக மதிக்கவில்லை, அடுப்பில் போட்டோம். எங்கள் வீட்டிலும் போட்டார்கள், சித்தப்பாவின் சவூதிக் கடிதங்கள் ஒரு கட்டு. இன்றைக்கு இருக்கிறவர்கள் குரலைப் பதிவு செய்து செல்போனில் அனுப்புகிறார்கள். போன் கெட்டால் அதுவும் போச்சு. இளம் தோழர்கள் யாராவது இதைச் சேகரிக்க இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கில் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போக நான் தயார்.

இதை எழுத உட்கார்வதற்கு முன்னால் பெரியம்மா இருந்த லயத்தைப் பார்க்கப் போனேன். சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள், அதுவும் பல தடவை. இப்போது அங்கே ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. திரும்பி வந்து பெரியம்மாவிடம் சொன்னேன், உன் கோடு ஒண்ணையும் காணோம் பெரியம்மா என்று. அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சுவரைப் பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"பதினோரு கோடுடா. அவன் பதிமூணு எழுதியிருந்தான்."